ஜெபிக்கவே முடியாத நாட்களுக்கு ஒரு வழிகாட்டி

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் பெரிய சோர்வு வரும்போது கூடவே ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். "எனக்கு உண்மையிலேயே விசுவாசம் இருந்தால் இப்படி உடைந்துபோவேனா?" வேதத்தைத் திறந்தால் கண் வரிகளின் மேல் ஓடும், மனதில் ஒன்றும் தங்காது. முழங்காலில் நின்றால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது. சபையில் எல்லோரும் பாடும்போது தனக்கு மட்டும் தொண்டை அடைக்கும். சோர்வைவிட இந்தக் குற்ற உணர்வுதான் பலரை ஜெபத்தைவிட்டே விலக வைக்கிறது.

தேவசமுகத்துக்கு வருவதற்கு நல்ல மனநிலை வேண்டியதில்லை. இருக்கிற நிலையிலேயே வரலாம், குறையைச் சொல்லிக்கொண்டே வரலாம். வேதத்தில் நாம் பெரியவர்கள் என்று மதிக்கிறவர்கள் பலரும் அப்படித்தான் வந்தார்கள். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது, எங்கெல்லாம் பிசகும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஜெபத்துக்கு முன்னால்

சாக வேண்டும் என்ற எண்ணம், அதற்கான வழியை யோசிப்பது, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற நினைப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர், நண்பர், போதகர், மருத்துவர், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண், யாராக இருந்தாலும் சரி. சொன்ன பிறகு தனியாக இருக்காதீர்கள். ஆபத்தான பொருள் ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதை வேறொருவர் எடுத்து வைக்கட்டும். உடனே ஆபத்து என்று தோன்றினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். "ஜெபித்தால் சரியாகிவிடும்" என்று ஒருவர் தட்டிக்கழித்தால், அவரோடு வாதாடாமல் அடுத்தவரிடம் போங்கள்.

இன்னொன்று. துக்கமோ எதிலும் நாட்டமில்லாத நிலையோ, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதியும், 2 வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் வேலையையும் கெடுத்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்ற உடல் கோளாறுகளும் இதே முகத்தோடு வரும், பரிசோதித்தால்தான் தெரியும். மருந்து எழுதிக் கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துவது ஒரு தவறு. கொஞ்சம் தெளிந்ததும் சபையில் சாட்சி சொல்லிவிட்டு, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு, விழுந்தால் முன்பைவிட ஆழமாக விழுவார்கள். பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த சார்லஸ் ஸ்பர்ஜன் (1834–1892) பலமுறை கடும் மனச்சோர்வில் விழுந்தவர், அதைப் பிரசங்கத்திலேயே மறைக்காமல் பேசியவர். எனவே இது விசுவாசக் குறைவின் அடையாளம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

எலியாவுக்கு நடந்த வரிசை

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் எலியா கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவர். யேசபேல் ராணியின் மிரட்டல் வந்ததும் ஓடுகிறார், பெயெர்செபாவில் வேலைக்காரனையும் விட்டுவிடுகிறார், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். களைப்பு, பயம், தனிமை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எப்பேர்ப்பட்டவரும் இப்படித்தான் பேசுவார்.

கர்த்தர் செய்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தூக்கம். பிறகு தூதன் வந்து தொடுகிறான். சுட்ட அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம். மறுபடியும் சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற ஒரே ஒரு வரியோடு. அதற்குப்பின் 40 நாள் நடை. ஓரேப் மலையில்தான் கேள்வியே வருகிறது: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" அந்தக் கேள்வி இரண்டு தரம் வருகிறது, எலியா இரண்டு தரமும் அதே புலம்பலைத்தான் சொல்கிறார். "முன்பே சொன்னாயே" என்று அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. கடைசியில் செய்ய வேண்டிய வேலை, கூட ஊழியம் செய்ய எலிசா, நீ தனியாள் இல்லை, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி.

பிரசங்கம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆகவே முதல் மூன்று நாள் பெரிய ஆவிக்குரிய முயற்சி எதுவும் வேண்டாம். விழித்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். வெயில் ஏறுமுன் வெளிச்சத்தில் 10–15 நிமிடம் நடங்கள். படுக்கைக்குப் போனை எடுத்துப் போகாதீர்கள். படுக்கும் நேரம் தவறினாலும் எழும் நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூக்கம் மெல்ல அதன் பின்னால் வரும். இவற்றைச் செய்யும்போதே "கர்த்தாவே, இதை உம் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன்" என்று சொன்னால் அதுவே அன்றைய ஜெபம்.

இடம், நேரம், உடல்

நான்காம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 10 நிமிடம். காலையில் ஒருமுறை போதும். முடிந்தால் படுக்குமுன் இன்னொருமுறை. ஒரே நாற்காலி, ஒரே நேரம். சோர்ந்த மனதுக்கு முடிவெடுப்பது பெரிய பாரம், "இன்று எங்கே, எப்போது, எதை வாசிப்பது" என்று யோசிக்கத் தொடங்கினாலே நாள் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் முந்தின இரவே முடிவு செய்து, வேதத்தைப் பக்கம் அடையாளம் வைத்து மூடி, நோட்டும் பேனாவும் மேலே வைத்துவிடுங்கள்.

அச்சிட்ட வேதம் நல்லது. போனில் வாசித்தால் சங்கீதத்துக்கும் வந்து விழுகிற செய்திக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்தான்.

அலாரம் வையுங்கள். அடித்ததும் எழுந்துவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் சரி. முதல் வாரத்தில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். முதல் நாள் உற்சாகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால், மூன்றாம் நாள் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தே கால் வராது.

முழங்காலில் நின்றால்தான் ஜெபம் என்றில்லை. தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து பேசினார் (2 சாமுவேல் 7:18). எசேக்கியா ராஜா வியாதிப்படுக்கையில் சுவர்ப்புறமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபித்தார் (2 இராஜாக்கள் 20:2). பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளுக்கு உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை, ஆசாரியனே அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். எழவே முடியாத நாளில் எசேக்கியாவைப்போல் படுத்தபடியே செய்யலாம்.

அந்தப் பத்து நிமிடம்

முதல் நிமிடம் மூச்சு. மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், நாலைந்து முறை. பிறகு "கர்த்தாவே, இங்கே இருக்கிறேன்" என்று ஒரு வரி. வேறு ஒன்றும் வேண்டாம். சமாதானம் வந்ததா, பிரசன்னம் தெரிகிறதா என்று உள்ளே எட்டிப்பார்க்காதீர்கள்.

அடுத்த நான்கு நிமிடம் ஒரே சங்கீதத்தை இரண்டு முறை வாய்விட்டு வாசிப்பது. முதல்முறை சாதாரணமாக. இரண்டாவது முறை ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி விட்டு. கண்ணால் மட்டும் வாசித்தால் மனம் பழைய கவலைக்கே திரும்பிவிடும், தன் குரலைத் தானே கேட்கும்போது அது கொஞ்சம் கட்டுப்படும்.

பிறகு நான்கு நிமிடம் சொந்தப் புலம்பல். எழுதலாம் அல்லது பேசலாம், எப்படி என்பது கீழே வருகிறது. கடைசி நிமிடம் மத்தேயு 6:9–13-ல் உள்ள கர்த்தருடைய ஜெபம். சொந்த வார்த்தை ஓடாத நாளில் முன்பே எழுதப்பட்ட ஜெபம் கைத்தாங்கல். அதைச் சொல்வதில் போலித்தனம் ஒன்றும் இல்லை. இயேசுவே சிலுவையில் தம் சொந்தக் கதறலுக்கு 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் எடுத்தார்.

எந்தச் சங்கீதம்

சில பதிப்புகளில் சங்கீத புத்தகத்துக்குத் திருப்பாடல்கள் என்று பெயர் இருக்கும். 150 சங்கீதங்களில் புலம்பல் வகையே அதிகம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. புதியவர்கள் பெரும்பாலும் 23-ம் 91-ம் மட்டுமே கேள்விப்பட்டிருப்பார்கள், அதனால் சோர்வில் இருக்கும்போதும் அவற்றையே திறந்து, "இது எனக்குப் பொருந்தவில்லையே" என்று இன்னும் சோர்ந்துபோவார்கள்.

காத்திருந்து காத்திருந்து சலித்தவருக்கு 13. இரவெல்லாம் அழுபவருக்கு 6. முன்பு ஆராதனையில் இருந்த மகிழ்ச்சியை இழந்தவருக்கு 42-ம் 43-ம், இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள், ஒரே பல்லவி இரண்டிலும் வருகிறது. நெருங்கிய நண்பர் துரோகம் செய்திருந்தால் 55. அவமானத்தில் கழுத்துவரை மூழ்கியிருந்தால் 69. கெட்டவர்கள் செழிக்கிறதைப் பார்த்து மனம் கசந்திருந்தால் 73. குற்ற உணர்வுக்கு 130. முதுமையின் சோர்வுக்கு 71. ஒரு துளி நம்பிக்கையும் இல்லாவிட்டால் 88. எதிரிகளைச் சபிக்கும் 109, 137 போன்றவற்றை விளக்கம் சொல்ல ஆள் கிடைக்கும்வரை ஒத்திவைக்கலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து 7 நாள் அதிலேயே இருங்கள். தினமும் வேறு சங்கீதம் என்றால் ஒன்றும் உள்ளே இறங்காது. ஏழாம் நாள் அதில் ஒரு வசனமாவது புத்தகம் இல்லாமலே வாய்க்கு வரும். இரவு 2 மணிக்கு விழிக்கும்போது கைகொடுப்பது அதுதான்.

யோசிக்கத் தெம்பில்லை என்றால் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, அது முறையீடு. மூன்றும் நான்கும் வேண்டுதல், "எனக்குச் செவிகொடுத்தருளும்" என்று தொடங்கும். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. சத்துரு அப்படியே இருக்கிறான், பதில் வரவில்லை, ஆனாலும் பேச்சு திரும்புகிறது. முறையிட்டு முடித்த மனதுக்குத்தான் அந்தத் திருப்பம் சாத்தியம். ஐந்தாம் வசனத்திலிருந்து தொடங்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்கிற முதல் பிழை. முதல் நான்கை விழுங்கிவிட்டுச் சொல்கிற துதி தொண்டைக்குக் கீழே இறங்காது.

சொந்தப் புலம்பலை எழுதுவது

அதே அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் பேசுகிறேன் என்று ஒரு வரி. என்ன வலிக்கிறது என்று ஐந்தாறு வரி. என்ன வேண்டும் என்று ஒன்றிரண்டு வரி. எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி. நீளம் இவ்வளவுதான்.

"ஆண்டவரே, என் கஷ்டங்களையெல்லாம் நீக்கும்" என்று எழுதினால் மனம் லேசாகாது. அதில் கஷ்டமே இல்லை, கஷ்டம் என்ற சொல்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் இப்படி எழுதலாம்:

"கர்த்தாவே, உம்மிடம் பேசுகிறேன். செவ்வாய்க்கிழமை வந்த பதிலும் இல்லை என்றுதான் வந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. காலையில் எல்லோரும் கிளம்பிப் போனதும் வீட்டின் சத்தம் அடங்குகிறது, அந்த நேரத்தைக் கண்டால் பயமாக இருக்கிறது. நீர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீரா? பார்த்துக்கொண்டும் சும்மா இருக்கிறீரா? வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு எழுந்து குளித்துப் போகிற பலத்தைத் தாரும். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் உம்மிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

இதில் கிழமை இருக்கிறது, வீட்டின் சத்தம் இருக்கிறது, கோபமும் மறைக்கப்படவில்லை. வேண்டுதல் சின்னது, வெள்ளிக்கிழமைக்கு உரியது. கடைசி வரி விசுவாச அறிக்கைபோல் ஒலிக்கவில்லை என்றாலும் அது விசுவாசம்தான். நம்பாதவரிடம் யாரும் முறையிடுவதில்லை.

"இப்படிக் கேட்பது முறுமுறுப்பு ஆகாதா?" என்ற பயம் எல்லோருக்கும் வரும். இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கர்த்தரைப்பற்றி முறுமுறுத்தார்கள் (உபாகமம் 1:27, சங்கீதம் 106:25). சங்கீதக்காரன் அதே கசப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். வேதம் முதலாவதைக் கண்டிக்கிறது, இரண்டாவதைப் பாட்டாக்கிச் சபையின் கையில் கொடுத்திருக்கிறது. யோபு புத்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபித்துக்கொள்வது கசந்து பேசிய யோபுவை அல்ல, கர்த்தருக்காக வாதாடுவதாய் நினைத்துக்கொண்டு அவனைக் குற்றப்படுத்திய சிநேகிதரைத்தான் (யோபு 42:7).

எழுதியதற்குத் தேதி போடுங்கள். அன்றே திரும்ப வாசிக்காதீர்கள். வேறு யாரும் எடுக்காத இடத்தில் வையுங்கள், யாராவது படிப்பார்களோ என்ற எண்ணம் வந்தாலே பேனா பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஒரே மூச்சில் முடிகிற ஜெபம்

மீதமுள்ள நேரத்துக்கு ஒற்றை வரி வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த துறவி ஜான் கசியன், எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் கற்றதாகச் சங்கீதம் 70-இன் முதல் வசனத்தைப் பரிந்துரைத்தார்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்." மூச்சை உள்ளே இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறுபாதி. நடக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, பயம் திடீரென்று நெஞ்சை அடைக்கும்போது சொல்லலாம். எத்தனை முறை என்று எண்ண வேண்டாம். அந்த வரியும் நீளம் என்றால் குருடனான பர்திமேயுவின் "எனக்கு இரங்கும்" போதும் (மாற்கு 10:47). அதுவும் வராத நாளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது, அங்கே ஆவியானவர் வேண்டுதல் செய்வது வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு.

நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இந்த ஒற்றை வரிக்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். "தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா" என்ற விசாரணையை அந்த நேரத்தில் நடத்தினால் தீர்ப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் வரும். கேள்வியை நோட்டில் ஒரு வரியாகக் குறித்து, காலைக்கு ஒத்திவையுங்கள்.

எங்கே பிசகும்

வசனத்தைத் தனியாகப் பிடுங்குவது. எரேமியா 29:11-ஐ அறியாதவர் குறைவு, சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப்பற்றியது. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் முடியவேண்டும் என்றிருக்கிறது. அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அடுத்த வாரம் விடுதலை என்று நம்பியிருந்தவர்களிடம் அது வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள் என்று சொன்னது. கண்ணை மூடிப் பக்கம் திறந்து கிடைத்த வசனத்துக்குத் தேதி நிர்ணயித்து, அந்தத் தேதி கடந்ததும் விசுவாசமே ஆடிப்போனவர்கள் உண்டு. எந்த வாக்குத்தத்தமானாலும் முன்னால் ஐந்து வசனம், பின்னால் ஐந்து வசனம் சேர்த்து வாசியுங்கள்.

பாவத்தைத் துருவிக்கொண்டே இருப்பது. குறிப்பிட்ட ஒரு தவறு தெரிந்தால் அதை அறிக்கையிடுங்கள், சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள், அதோடு விடுங்கள் (1 யோவான் 1:9). ஆனால் சோர்வு கொண்டுவரும் குற்றச்சாட்டுக்கு உருவம் இருக்காது: "நீயே தவறு, உன் பிறப்பே தவறு." ஆவியானவரின் உணர்த்துதல் ஒரு செயலைக் காட்டும், திரும்பும் வழியையும் காட்டும். மற்றது ஆளையே சாய்த்துவிட்டு வாசலை அடைக்கும். பிறவிக்குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை (யோவான் 9:3).

பொருத்தனை. "இதை மட்டும் செய்துகொடும், நான் இன்னதைச் செய்கிறேன்" என்று நெருக்கத்தில் வாயைத் திறந்துவிடாதீர்கள். யெப்தா அப்படிச் சொல்லி மகளை இழந்தான் (நியாயாதிபதிகள் 11). உபவாசமும் இப்போது வேண்டாம். பசியும் தூக்கமும் ஏற்கெனவே கெட்டிருக்கிற உடலைப் பட்டினி போட்டால் இருள் கூடத்தான் செய்யும், மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்தும்கூட. ஜெபிக்கப் பணம் கேட்பவர், "நூறு சதவிகித விடுதலை" என்று நாள் குறிப்பவர் எதிரே வந்தால் நடையைக் கட்டுங்கள்.

பெரிய முடிவுகள். இயேசு சபைத் துறவிகளின் அமைப்பை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த விதி ஒன்று இங்கே மிகவும் உதவும். மனம் வறண்டு இருளில் இருக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. வேலையை விடுவது, உறவை முறிப்பது, சபையைவிட்டு விலகுவது எல்லாம் தெளிவு வரும்வரை காத்திருக்கட்டும். அடிதடியோ துன்புறுத்தலோ நடக்கிற இடத்திலிருந்து வெளியேறுவதற்கு இந்த விதி பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு.

ஒரு ஆளாவது

பவுல் எழுதுகிறார், சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்று (2 கொரிந்தியர் 7:6). ஆறுதல் வந்த வழி ஒரு மனிதனின் வருகை. கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட அழைத்துப்போய், தம் துக்கத்தை அவர்களிடம் சொல்லி, இங்கே விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை.

எப்படிப்பட்டவரைத் தேடுவது? சொன்னதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊருக்கெல்லாம் சொல்லாதவர். உடனே வசனம் எடுத்து நீட்டாதவர். கூப்பிட்டால் எடுப்பவர். பதவி முக்கியம் இல்லை. அவரிடம் தேவையை அளந்து சொல்லுங்கள்: "எனக்கு இப்போது ஆலோசனை வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தரம், கால் மணி நேரம் கேட்டால் போதும். முடிவில் நீங்கள் ஜெபியுங்கள், என்னால் முடியவில்லை." அளவு தெரிந்தால் அவருக்கும் பயம் இருக்காது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

நாலு பேர் சுமந்து கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசியதாக மாற்கு எழுதவில்லை. இயேசு பார்த்தது "அவர்கள் விசுவாசத்தை" (மாற்கு 2:5). உங்கள் விசுவாசம் படுத்த படுக்கையாய் இருக்கும் வாரங்களில் வேறு சிலருடையது உங்களைச் சுமக்கலாம்.

சபை ஆராதனையைப்பற்றி ஒரு வார்த்தை. பின்வரிசையில் உட்காருங்கள். பாட முடியாவிட்டால் பாட வேண்டாம், மற்றவர் பாடக் கேளுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்று பத்து பேருக்குப் பதில் சொல்ல முடியாது என்றால் கடைசி ஜெபத்தின்போதே கிளம்பிவிடலாம். போகாமலே இருந்துவிடுவதைவிட இது மேல்.

பதில் வராமலே நீடித்தால்

88-ஆம் சங்கீதத்தில் 18 வசனம். 13-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத் திருப்பம்போல் ஒன்று கடைசிவரை வரவில்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அன்னை தெரசா (1910–1997) ஏறக்குறைய ஐம்பது வருஷம் தேவனுடைய அருகாமையை உணராமலே ஜெபித்து வேலை செய்தார் என்பது 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோது உலகுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உணர்வு இல்லாததை வைத்து தேவன் இல்லை என்று கணக்கிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

பலம் வருகிறதா என்று பார்க்க மகிழ்ச்சியைத் தேடாதீர்கள், அது கடைசியில்தான் வரும். முதலில் தெரிவது சின்ன விஷயங்கள். தள்ளிப்போட்ட ஒரு அழைப்பை எடுத்திருப்பீர்கள். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று தோன்றும், அதாவது ருசி திரும்பியிருக்கும். நோட்டில் எழுதும் புலம்பலின் உருவம் மாறும், "எல்லாம் போயிற்று" என்றிருந்தது "இது போயிற்று" என்று ஆகும். வேறொருவர் பெயர் வேண்டுதலில் நுழையும். அன்னாள் ஆலயத்தில் இருதயத்தை ஊற்றிவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை (1 சாமுவேல் 1:18). சாமுவேல் பிறந்தது அதற்கு எவ்வளவோ பிறகு.

நான்கு வாரம் ஆனதும் நோட்டை முதலிலிருந்து ஒருமுறை வாசியுங்கள், முடிந்தால் அந்த நம்பிக்கையான ஆளோடு சேர்ந்து. எதுவும் அசையவில்லை, அல்லது எழுத்து முன்பைவிட இருண்டுகொண்டே போகிறது என்று தெரிந்தால் அதை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள், அந்தத் தேதிகள் அவருக்கும் உதவும். கொஞ்சம் தெளிந்திருந்தால் புலம்பல் 3-ஆம் அதிகாரத்துக்குப் போகலாம், 66 வசனம், ஒரு வாரத்துக்குப் பிரித்து வாசியுங்கள். காலைதோறும் புதிய இரக்கங்களைப்பற்றிய வரி அங்கே 23-ஆம் வசனத்தில்தான் வருகிறது, "என் நம்பிக்கை அழிந்துபோயிற்று" என்று 18-ஆம் வசனத்தில் சொல்லி முடித்த பிறகு. பிறகு சங்கீதம் 30, அதன்பின் 116.

நடுவில் நாட்கள் தவறும். மூன்று நாள், சில சமயம் பத்து நாள். விட்டுப்போனதைச் சேர்த்து வாசிக்க வேண்டாம், மன்னிப்புக் கேட்டே அன்றைய பத்து நிமிடத்தையும் செலவழிக்க வேண்டாம். அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து, அலாரம் வைத்து, அன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள்.